சோற்றுக் கிண்ணம் என்று சொன்னேன்

இனி ஒரு தேநீர்க் கிண்ணம்கூட வாங்குவதில்லை என்று புத்தாண்டன்று என் மனைவி தொமியேயிடம் சத்தியம் செய்தேன். வீட்டில் ஏற்கெனவே நாற்பத்தொன்று. அறுபத்தெட்டு வயதில் சத்தியம் செய்வதே களைப்பு. காப்பாற்றுவது அதைவிடக் களைப்பு. பிப்ரவரியில் நாற்பத்திரண்டாவது வந்துவிட்டது.

கொரியக் கிண்ணம். வயது நானூறு. அடிப்பாகத்தில் மெருகுப் பூச்சு சரியாக உருகாமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். குயவனுக்கு அது குறை. எங்கள் மட்சுவே ஊர்த் தேநீர்ப் பித்தர்களுக்கு அதுதான் உயிர். விலையை நான் என்னிடமே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொரியாவில் யாரோ சோறு தின்ற கிண்ணம் என்று சில நூல்கள் சொல்கின்றன, சில மறுக்கின்றன. முந்தைய கட்சியில் சேர்ந்து, அதைச் சமையலறை அலமாரியில் சோற்றுக் கிண்ணங்களுக்கு நடுவே ஒளித்தேன்.

ஞாயிறன்று அடுத்த வீட்டு அதாச்சி அம்மா வந்தார். தொமியே அதே கிண்ணத்தில் தேநீரை நுரைக்க அடித்து அவர் முன் வைத்தாள். எங்கள் தேநீர் முறைப்படி, குடித்து முடித்த விருந்தாளி கிண்ணத்தை ஏந்திப் பார்த்து, அதன் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும். விசாரிக்காவிட்டால் அவமரியாதை.

"எந்த ஊர்க் கிண்ணம், தொமியே?"

"எனக்கென்னக்கா தெரியும்? இவரைக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதுவா... சும்மா, சோத்துக் கிண்ணம்."

"வெலை ஜாஸ்தியோ?"

"சே, சே! சந்தையில கெடச்சது."

"எப்பங்க வாங்கினீங்க?" இது தொமியே.

"மறந்துட்டியா? பத்து வருஷமிருக்கும்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேம்மா. ஒண்ணுக்கும் ஆகாது."

"அப்ப நீங்களே எடுத்துக்குங்கக்கா. கீழ வைக்கவே மனசு வரலை உங்களுக்கு."

"ஐயையோ, வேண்டாம்மா!" என்று அதாச்சி அம்மா முறைப்படி மறுத்தார். இரண்டாம் தடவையும் மறுத்தார். மூன்றாவது மறுப்புக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அவர் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் தொமியே மாடிக்குப் போய்த் திரும்பினாள். கையில் ஒரு மரப்பெட்டி. மூடியில் கிண்ணத்தின் பெயரும் வம்சமும் மையால் எழுதியிருக்கும். என் கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் நான் புதைத்து வைத்தது.

"பெட்டி இல்லாத கிண்ணம் அநாதைன்னு நீங்கதானே சொல்வீங்க? போய்க் குடுத்துட்டு வாங்க."

வெளியே தூறல். குடையையும் நீட்டினாள்.

"பெட்டி நனையாமப் பாத்துக்குங்க."