வெள்ளிக்கிழமை தொடர்பாக ஒரு சிறு திருத்தம்

"நெல்ஸ், ஒருத்தங்க பதில் போட்டிருக்காங்க."

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பள்ளி அலுவலகச் செயலர் பெவர்லி சொன்னார். துணை முதல்வர் நெல்ஸ் ஹேகன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"திட்டியா?"

"இல்ல. படிச்சிருக்காங்க."

பைன் கிரீக் நடுநிலைப் பள்ளியில் இது அன்றாடம் நடக்கிற காரியமல்ல. குடும்பங்களுக்கு என்ன செய்தி அனுப்பினாலும் பதிலாக வருவது கட்டைவிரல் படம் ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் பேன் பரவுகிறது என்றாலும் கட்டைவிரல். கொதிகலன் வெடித்துவிட்டது என்றாலும் கட்டைவிரல். வடக்கு மின்னசோட்டாவில் யாரும் யாரையும் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்துவதில்லை. புரியாவிட்டால் "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்று காலை நெல்ஸ் அனுப்பியிருந்தது எளிமையான செய்தி. வெள்ளிக்கிழமையுடன் குளிர்கால விடுமுறை தொடங்குகிறது. அன்று பள்ளி நண்பகலில் முடியும். கார்கள் வடக்கு வாசலுக்கு, பஸ்கள் தெற்கு வாசலுக்கு. பிள்ளைகள் அன்று இரவு உடையில் வரலாம், மாணவர் மன்றத்தின் ஏற்பாடு.

பதில் இப்படி இருந்தது: "தகவலுக்கு ரொம்ப நன்றி. சும்மா ஒரு யோசனை, அன்னிக்குப் பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடு உண்டா? உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா மட்டும் சொல்லுங்க. லோர்னா ப்ரெக்கே."

நெல்ஸுக்கு உள்ளுக்குள் பனி உருகியது.

"இந்த லேடி எவ்வளவு கவனமாப் படிச்சிருக்காங்க பாருங்க பெவ். ஒருத்தங்க கேட்டா, கேட்காம உட்கார்ந்திருக்கறவங்க நூறு பேரு இருப்பாங்க. எல்லாருக்கும் பதில் போட்டுடுவோம்."

"அவங்களுக்கு மட்டும் போட்டா போதாதா?"

"போன வருஷம் அப்படித்தான் அலட்சியமா இருந்தோம்."

போன வருஷம் இதே நாளில், சீக்கிரம் விடுகிறார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாததால், ஒரு சிறுமி மூடிய பள்ளிக்கு வெளியே வெகுநேரம் குளிரில் நின்றாள். காது இரண்டும் தக்காளி நிறம். உள்ளூர் வானொலி இரண்டு நாள் அதையே பேசியது. அதன்பிறகு முதல்வராக வந்தவர் கார்மென் வாஸ். டெக்சாஸ்காரர், சுற்றி வளைத்துப் பேசுவது அவர் ஊரில் இல்லை. "வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பிள்ளை வாசல்ல மிஞ்சினாலும் சரி, ஜனவரியில நீங்க ஏழாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் எடுக்கப் போறீங்க" என்று நெல்ஸிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பாடத்தை நெல்ஸ் முன்பு ஒன்பது வருஷம் எடுத்தவர். பருவமடைதல் பற்றிய படங்களைத் திரையில் போட்டுவிட்டு, முப்பது பிள்ளைகள் மேஜைக்கடியில் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கனவு இன்றும் அவருக்கு வருவதுண்டு.

எனவே எல்லாருக்கும் போனது: "வெள்ளிக்கிழமை மதிய உணவு உண்டு."

சமையல்கூடத்திலிருந்து மார்ஜி கரண்டியோடு வந்தார்.

"உண்டுன்னு யாரு சொன்னது?"

"நான்தான். இல்லையா?"

"நண்பகல்ல விட்டுட்டா மதியச் சாப்பாடு எதுக்கு? சாயங்காலம் விட்டா சாயங்காலச் சாப்பாடும் போடுவீங்களா?"

கடைசியில், ரொட்டியும் ஆப்பிளும் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்தனுப்புவது என்று சமாதானம் ஆனது. நெல்ஸ் திருத்தம் அனுப்பினார்: "மதிய உணவு உண்டு, ஆனால் பள்ளியில் உண்ணப்படாது."

அடுத்து தொலைபேசி அலறத் தொடங்கியது. சாப்பாட்டுக்கு முன்னால் விடுவீங்களா, அப்புறமா? எங்கே உண்ணப்படும்? பஸ்ஸிலா? இந்த ஆப்பிளுக்குக் கையெழுத்துப் போட்ட அனுமதி வேண்டுமா?

மறுநாள் லோர்னா மறுபடி எழுதினார். "பொட்டலம் நல்ல ஏற்பாடு. ரொம்ப யோசிச்சுச் செய்யறீங்க. வெள்ளிக்கிழமை குளிர் கடுமையாம், வானொலியில சொன்னாங்க. ராத்திரி உடுப்போட வந்தா பிள்ளைங்களுக்கு விறைச்சுப் போகாதா? சும்மாதான் கேட்டேன்."

"பாருங்க, எப்படிப்பட்ட தாய்" என்றார் நெல்ஸ்.

"எந்தப் பிள்ளையோட தாய்?" என்றார் பெவர்லி. "பட்டியல்ல ப்ரெக்கேன்னு யாரும் இல்ல."

"இங்க பாதிப் பிள்ளைங்களுக்கு அம்மா ஒரு பேரு, அப்பா ஒரு பேரு. எதாவது ஒண்ணா இருக்கும்."

"அவங்களையே கேட்டுட வேண்டியதுதானே."

நெல்ஸ் அவரைக் கோயிலில் செருப்போடு நின்றவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ரெண்டு நாளாப் பழகிட்டு, உங்க பிள்ளை யாருன்னு கேட்கறதா? அவங்க மனசு என்ன பாடுபடும்?"

செய்தி போனது: "இரவு உடைக்கு மேல் கனமான கோட்டு அவசியம். இரவு உடை அவசியமல்ல."

புதன்கிழமை காலையில் பதினோரு பிள்ளைகள் இரவு உடையில் வந்து இறங்கினார்கள். ஒருவன் தலையணையும் கொண்டுவந்திருந்தான். நெல்ஸ் பதறிப்போய் அனுப்பினார்: "இன்று இரவு உடை நாள் அல்ல." அவசரத்தில் பாதிப் பேர் அதை "இரவு உடை நாள் இல்லை" என்றே எடுத்துக்கொண்டார்கள். மாணவர் மன்றத் தலைவி எட்டாம் வகுப்பு டெலைலா கண்ணீரோடு வாசலில் நின்றாள்.

"மிஸ்டர் ஹேகன், நாங்க செப்டம்பர்லேருந்து பிளான் பண்ணினோம்."

"ரத்து ஆகலம்மா. வெள்ளிக்கிழமை உண்டு."

"எங்கம்மா போன்ல இல்லன்னு இருக்கு."

"முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்" என்று அனுப்பினார் நெல்ஸ். இயந்திரம் திக்கியதில் அது இரண்டு முறை போய்விட்டது. அதாவது, முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஆயிற்று. ஊர் முழுக்க அப்பாக்கள் கடைவாசலில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, எது முந்தையது என்று யோசித்தபடி நின்றார்கள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து கட்டைவிரல் அனுப்பினார்கள்.

லோர்னா மட்டும் எழுதினார். "உங்களுக்கு எவ்வளவு வேலை பாவம். நேத்து சர்ச்சுக்குப் போறப்போ பார்த்தேன், உங்க வடக்கு வாசல்ல ஒரே ஐஸ். யாரும் விழுந்துடக் கூடாதேன்னு தோணுச்சு."

நெல்ஸ் கார்களைத் தெற்கு வாசலுக்கும் பஸ்களை வடக்கு வாசலுக்கும் மாற்றினார். பத்தாவது நிமிஷம் பஸ்காரர் டுவெயின் தொலைபேசியில் வந்தார். அவர் கோபப்பட்டால் குரல் இன்னும் தணியும்.

"நெல்ஸ், வடக்கு வாசல்ல என் பஸ் திரும்பணும்னா நடுவுல நிக்கற கொடிக்கம்பத்தைப் பிடுங்கணும். பிடுங்கிடட்டுமா? எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

ஆக, பஸ்கள் மறுபடி தெற்கே. கார்களும் சேர்ந்தால் தெற்கு தாங்காது. வடக்கில் உப்பு போட்டு, குடும்பப் பெயர் அகரவரிசையில் முதல் பாதி வடக்கு, மறுபாதி தெற்கு என்று வியாழக்கிழமை அறிவித்தார். சுத்தமான ஏற்பாடு. அம்மா பெயரா அப்பா பெயரா என்று மட்டும் சொல்லவில்லை. விவாகரத்தாகி நாலு வருஷம் பேசாமலிருந்த தம்பதிகள் அன்று மாலை பேசிக்கொண்டார்கள். அதைப் பேச்சு என்று சொல்வது கொஞ்சம் தாராளம்.

கார்மென் வாஸ் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"என் தலைமுடி வெட்டற பொண்ணு கேக்கறா, வெள்ளிக்கிழமை ஸ்கூல் இருக்கா இல்லையான்னு. எனக்கே பதில் தெரியல."

"எல்லாரும் தெளிவா இருக்காங்க மேடம். கட்டைவிரல் வந்திருக்கு."

"சுகாதாரப் புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு நெல்ஸ். படம் எல்லாம் கலர்ல."

அன்று மாலை லோர்னாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நெல்ஸுக்கு அதுதான் திகிலாக இருந்தது. ஊரிலேயே கவனமாகப் படிக்கிற ஒரே தாய் மௌனமாகிவிட்டார் என்றால் குழம்பிவிட்டார் என்று பொருள். நாளை அவர் பிள்ளைதான் குளிரில் நிற்கப் போகிறது. தனிச் செய்தியாக எழுதினார்: "லோர்னா, நாளைக்கு நீங்க கண்டிப்பா வரணும். எந்த வாசல்னாலும் பரவாயில்ல. நீங்க வர்ற வரைக்கும் நானே வாசல்ல நிப்பேன்."

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. "நாங்களா? உங்களுக்குச் சிரமம் இல்லன்னா வர்றோம். சாப்பிட ஏதாவது செஞ்சு கொண்டு வரட்டுமா?"

"என்ன ஒரு பண்பு" என்று நெல்ஸ் பெவர்லிக்குக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை நண்பகல். மூச்சு விட்டால் மீசையில் ஒட்டிக்கொள்ளும் குளிர். எந்த வாசல் என்று யாருக்கும் தெரியாததால் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு வாசலுக்கும் ஆள் அனுப்பியிருந்தது. அம்மா வடக்கே, அப்பா தெற்கே, சித்தப்பா சந்தேகத்துக்குப் பஸ்ஸின் பின்னால். பிள்ளைகளில் பாதி இரவு உடையில், பாதி கோட்டில்; ஒருத்தி திருமண உடையில் வந்திருந்தாள், அவள் வீட்டில் எந்தச் செய்தியை எப்படிப் படித்தார்களோ. கூட்டம் அரைமணியில் கரைந்தது. வாசலில் ஒரு பிள்ளைகூட மிஞ்சவில்லை. நெல்ஸ் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பனி, ஒரு ஆப்பிள், ஒரு தலையணை. அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் அந்தக் காரைப் பார்த்தார்.

பழைய சாம்பல்நிற கார், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் நரைத்த பெண்மணி, பக்கத்தில் மடியில் மூடிய தட்டுடன் ஒரு பெரியவர். கண்ணாடி இறங்கியது.

"மிஸ்டர் ஹேகன்தானே? நான்தான் லோர்னா. இவர் ஆர்வில். வந்துட்டோம்."

நெல்ஸ் வெறிச்சோடிக் கிடந்த வாசலைத் திரும்பிப் பார்த்தார். கார் இருக்கிறது. பிள்ளை இல்லை.

"ஒரு நிமிஷம். இதோ அனுப்பறேன்" என்று சிரித்துவிட்டு உள்ளே ஓடினார்.

"பெவ், ப்ரெக்கே பிள்ளையைக் காணோம்."

"பேரு என்ன?"

"போன் நம்பரைப் போட்டுப் பாருங்க."

"கம்ப்யூட்டரை நண்பகலோட மாவட்ட ஆபீஸ்ல நிறுத்திட்டாங்க. அதைப் பத்தி ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தாங்களே."

"நான் படிக்கலையே."

"கட்டைவிரல் போட்டிருந்தீங்க."

ஒலிபெருக்கியில் ப்ரெக்கே பிள்ளையை அழைத்தார்கள். உடற்பயிற்சிக் கூடம், கழிப்பறைகள், வாத்திய அறை, பெரிய ட்ரம்முக்குள்ளே. மார்ஜி குளிர்பதன அறையைத் திறந்து பார்த்தார். டுவெயின் பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி ஒவ்வொரு இருக்கையாகத் தேடினார். நெல்ஸ் மூன்று முறை காருக்குப் போனார். மூன்று முறையும் பெயரைக் கேட்க வாய் வரவில்லை.

"உங்க பிள்ளை வழக்கமா எந்தப் பக்கமா வரும்னு..."

லோர்னா கணவரைப் பார்த்தார். பிறகு கனிவாக, "உங்களுக்கு எது சௌகரியமோ அது" என்றார்.

கார்மென் வாஸ் கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஷெரீஃபுக்குச் சொல்லிட்டேன். இந்தக் குளிர்ல அரைமணி நேரம் தாங்காது நெல்ஸ். அந்தக் குழந்தை எங்க? அது யாரு? எந்த வகுப்பு?"

"தெரியாது மேடம்" என்றார் நெல்ஸ். வாரம் முழுக்க அவர் சொன்ன ஒரே தெளிவான வாக்கியம் அதுதான்.

முதல்வர் நேரே காரிடம் போய்க் கண்ணாடியைத் தட்டினார். "மன்னிக்கணும் மேடம், உங்க பிள்ளை பேரு என்ன?"

லோர்னாவின் முகம் சிவந்தது. அத்தனை நேரமும் பேசாமலிருந்த ஆர்வில்தான் மடியிலிருந்த தட்டை முதல்வரிடம் நீட்டினார்.

"எங்களுக்குப் பிள்ளைங்க கிடையாதும்மா; இந்த போன் நம்பர் வாங்கின நாள்லேருந்து உங்க செய்தியா வந்துக்கிட்டிருக்கு, பதில் போடாம இருந்தா மரியாதையா இருக்காதேன்னு இவதான் ஏதாவது கேட்டுக்கிட்டிருந்தா."