பலாக்காய் ஆயுதமா?

துடைப்பத்தைப் பார்த்ததும் குப்பை ஞாபகம் வராமல் போலீஸ் கேஸ் ஞாபகம் வருகிற மனிதர், கொல்லிமலை முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். செம்மேட்டில் என் ஜெராக்ஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். அடிபட்டு வந்தவர் அழுது முடிப்பதற்குள், "கையில என்ன?" என்று கேட்பார். அடித்தவன் கையில் என்ன இருந்தது என்று அர்த்தம். யார் அடித்தது, எங்கே வலிக்கிறது எல்லாம் அப்புறம். அதனால் ஊருக்கே அவர் 'கையிலென்ன'.

காரணம் கேட்டால் அவருக்குக் கண் பளபளக்கும். "கண்ணு, வெறுங்கையில அடிச்சா சின்ன கேஸு. சாயங்காலம் ஊடு போய்ச் சேரலாம். கையில கட்டையோ கத்தியோ இருந்துபோச்சுன்னா செக்‌ஷனே மாறிப்போகும், ஜாமீனுக்கு அலையோணும். ஆத்திரம் ஒண்ணுதான், சாமான்தான் வேற!"

"எதெதுங்க ஆயுதம்?" என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். என் கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், பேப்பர் கட்டு என ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்து, "இது ஆகும், இது ஆகாது, இது பிடிக்கிற பிடியைப் பொறுத்தது" என்று பிரித்தார். துடைப்ப அடி வாங்கி வந்த ஒரு அம்மாவிடம், "குச்சிப் பக்கமா, கட்டுப் பக்கமா?" என்று விசாரித்தவர், பதில் வராததால் இரண்டு பக்கத்தாலும் தன் தொடையிலேயே அடித்துப் பார்த்தார். அந்த அம்மா சிரித்துவிட்டு, மனுவே வேண்டாம் என்று போய்விட்டாள். எனக்குத்தான் ஜெராக்ஸ் போச்சே என்று எரிச்சல்.

ஒருநாள் வளப்பூர் நாடு என்கிற மலைக் கிராமத்திலிருந்து பொன்னன் புருவத்தில் கட்டோடு வந்தான். ஒரு பலாமரம் யாருக்கு என்பதில் அக்கா புருஷன் சடையனோடு சண்டை.

"மச்சான் கொடுவாள்ல வெட்டிப்போட்டாருன்னு எழுதுங்க."

"கொடுவாள் கையில இருந்துச்சா, இடுப்புல இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் பொன்னன் புருவக் கட்டைத் தடவினான். எங்கள் மலையில் காட்டு வேலைக்குப் போகிறவன் இடுப்பில் கொடுவாள் இல்லாவிட்டால்தான் அதிசயம். பொன்னன் சொன்னபடி எழுதினால் சடையன் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். அவன் பெண்டாட்டிக்கோ நிறைமாசம், வீட்டில் வேறு ஆளில்லை.

"இடத்தைப் பாக்காம எழுதமாட்டேன்" என்று கையிலென்ன பஸ் ஏறிவிட்டார், பொன்னனையும் இழுத்துக்கொண்டு. கடையைச் சாத்திவிட்டு நானும் ஏறினேன். வேடிக்கை பார்க்கும் ஆசைதான், வேறென்ன.

மரத்தடிக்குச் சடையன் வந்தான். இடுப்பில் அதே கொடுவாள்!

"ஏப்பா, கேஸே இதுனாலதான், இதையும் கட்டிக்கிட்டு வாரியே!" என்றேன்.

"மிளகுக் காட்டுல வேலை கிடக்குதுங்களே" என்றான் அப்பாவியாக.

அவன் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். "இவரு உள்ள போயிட்டா, வலி வந்தா என்னைய நீ தூக்கிட்டுப் போவியாடா?"

பொன்னன் மரத்தோரமாக நகர்ந்து நின்றான்.

"எப்படி அடிச்சே? மெதுவாச் செஞ்சு காட்டு" என்றார் கையிலென்ன. சடையன் வலது கையை மெல்ல வீசினான். பொன்னன் முகம் மெல்லத் திரும்பியது. திரும்பிய முகம், அடிமரத்தில் தொங்கிய பலாக்காய்க்கு நேராகப் போய் நின்றது. காயின் முள்ளில் காய்ந்த ரத்தம்.

கையிலென்ன முகத்தில் அப்படியொரு ஆனந்தம். பொன்னனும் விடவில்லை. "அப்போ பலாக்காயில அடிச்சாருன்னு எழுதுங்க! அது ஆயுதந்தானுங்களே?"

அவர் கண்ணை மூடி, நிஜமாகவே யோசித்தார். "பறிச்சு எடுத்து அடிச்சிருந்தா ஆயுதந்தான். இங்க காய் உன்கிட்ட வரல சாமி, நீதான் காய்கிட்ட போனே."

அக்காதான் முதலில் சிரித்தாள். பொன்னன் அவள் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கையில அறைஞ்சாருன்னே எழுதுங்க" என்றான். நடந்ததை நடந்தபடி எழுதினார். சடையன் விசாரணை முடிந்து அன்று சாயங்காலமே வீடு திரும்பினான்.

பத்து நாள் கழித்து கடை வாசலில் ஒரு வண்டி நின்றது. பொன்னன் தோளில் அதே பலா, பழுத்து மணந்தது. பின்னால் சடையன். எழுதிக்கொண்டிருந்த கையிலென்ன, தலை நிமிராமல் பழக்கதோஷத்தில் கேட்டார்: "கையில என்ன?"

"பொண்ணுங்க" என்றான் சடையன். "ஆஸ்பத்திரியில இருந்து வாரோம். உங்ககிட்ட காட்டிட்டுப் போலாம்னு..."

பேனாவைக் கீழே வைத்து, விரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கைநீட்டிக் குழந்தையை வாங்கினார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அந்த மனிதரை இத்தனை வருஷம் கிறுக்கு என்று நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவர் நாற்காலிக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டேன். அதையும் தூக்கி, எடை பார்த்து, இரண்டு பக்கமும் தட்டிவிட்டு, "இது ஆகாது கண்ணு" என்றபடி உட்கார்ந்தார்.