ரீசெட்டு அண்ணனும் வைஃபை பெட்டியும்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடை வேலுச்சாமி. சமையல் சரசக்கா. ஆலை வாசலில் காவல் நிற்கும் ரீசெட்டு அண்ணன். பழ லோரி ஓட்டும் நான். சரசக்காவின் பூனையும் இருந்தது.

ஜொகூர் முழுக்கத் தேடினாலும் ரீசெட்டு அண்ணனைப் போல ஒரு வைஃபை வைத்தியர் கிடைக்கமாட்டார். கிடைக்காமல் இருப்பதே நல்லது. அவருடைய உண்மைப் பெயர் எங்களுக்குத் தெரியாது. காஹாங் பக்கம் செம்பனைக்கு நடுவே ஆலை கொடுத்த வீடு. கைப்பேசி லைன் அங்கே வராது. கூடத்தில் இருந்த வைஃபை பெட்டி ஒன்றுதான் எங்களுக்கு வெளியுலகம். அதற்கு அவர் காவல். யாரும் அவரை வைக்கவில்லை. அவரே வைத்துக்கொண்டார்.

வைஃபை வரவில்லை என்று போய் நின்றால் முதலில் விசாரணை.

"என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலண்ணே."

"ஒண்ணும் செய்யாம எப்படிப் போவும்? உண்மையச் சொல்லுலா."

ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்ளும்வரை கைப்பேசியைத் தொடமாட்டார். ஒப்புக்கொண்டதும் அதன் உறையைக் கழற்றுவார். "இவ்வளவு தடியா சட்டை போட்டா லைன் எப்படி உள்ள போவும்?" அப்புறம் விமானக் குறியை அழுத்தி மேசையில் வைத்துவிட்டு பால் கலக்காத தே ஓ ஒன்று குடிப்பார். அவர் குடித்து முடிக்கும்வரை அதற்கு ஓய்வு. கடைசியில் வைஃபை பெயரையே கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டு, பாஸ்வர்டைப் புதிதாகப் போடுவார். போடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வெகுநேரம் தட்டுவார். அந்தப் பாஸ்வர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு கைப்பேசிக்கு நோய் வந்தால் வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் வைத்தியம். "தொத்திக்கும்" என்பார். ஒருமுறை எல்லாக் கைப்பேசியிலும் வைஃபையை அழித்தார். பாஸ்வர்ட் போடுவதற்குள் பெக்கான் நானாஸில் கல்யாணம் என்று பஸ் ஏறிவிட்டார். அவர் திரும்பும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பார்க்க நன்றாக இல்லை.

சரசக்கா பிளாச்சான் இறால் விழுதை வறுத்தால் லைன் கெடும் என்று சண்டைக்குப் போவார்.

"உன் மூக்குதான் கெடும், போய்யா" என்பாள் அக்கா.

இடிக்குத்தான் அவர் பயப்படுவார். எங்கள் பக்கம் பிற்பகலானால் இடி. முதல் பெட்டி இடி விழுந்து கருகியது. அதை வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்.

"பால் தெளிச்சீங்களாண்ணே?" என்றான் வேலுச்சாமி.

"தெளிச்சேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வானம் லேசாக உறுமினாலே பிளக்கைப் பிடுங்குவார். பெட்டியை பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவார். டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துகொள்வார். பந்தாட்டம் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கெஞ்சினாலும் இறங்கியதில்லை.

அன்று வெள்ளம். இரண்டு பக்கமும் சாலை தண்ணீருக்குள். சிகாமட் மருத்துவமனையில் என் தம்பி கிடந்தான். டாக்டர் கையை விரித்துவிட்டார், நாளை மதியத்துக்குள் பேசிவிடுங்கள் என்று தம்பி மனைவி முதல் நாள் செய்தி அனுப்பியிருந்தாள். சரசக்காவிடம் மட்டும் சொன்னேன்.

காலையில் பார்த்தால் வைஃபை குறி இருக்கிறது, எதுவும் போகவில்லை. ரீசெட்டு அண்ணனிடம் கொடுத்தேன். விசாரணை, உறை, தே ஓ எல்லாம் நடந்தது. நான்கு கைப்பேசியிலும் வைஃபையை அழித்தார். பாஸ்வர்ட் போடப் போகும்போது, அன்றைக்குப் பார்த்துக் காலையிலேயே இடித்தது. பிடுங்கினார். டின். கட்டில்.

நான் வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்தேன்.

சரசக்காவால் பொறுக்க முடியவில்லை. "யோவ், அவன் தம்பி சாகக் கெடக்கிறான்யா. இன்னிக்குப் பேசலன்னா இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கல."

கட்டிலை விட்டு இறங்கினார். மழைக்கோட்டு போட்டார். காவல் பூட்ஸ் போட்டார். அக்கா பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டினார். பெட்டியை எடுத்து பிளக்கைச் செருகி, அதைப் பிடித்தபடியே நின்றார்.

"மின்னுனா பிடுங்கிருவேன். அதுக்குள்ள பேசு."

"பாஸ்வர்ட்?"

கையுறையைப் பார்த்தார். அதை வைத்துத் தட்ட முடியாது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." எட்டு வரைக்கும் சொன்னார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அலமாக்!" என்றான் வேலுச்சாமி. "எல்லாச் சாமி பேரும் போட்டுப் பாத்தேனே!"

அக்கா அவன் தலையில் கரண்டியால் ஒன்று வைத்தாள்.

தம்பி முகம் வந்தது. நோய் தின்றதுபோகப் பாதி முகம்தான் மிச்சம் இருந்தது.

"சாப்ட்டியாண்ணே?"

"சாப்ட்டேன்."

"தண்ணி ஏறுதா?"

"ஏறுது. நீ பேசாத. பாத்துக்கிட்டு இரு."

மின்னியது. அண்ணனைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். அவர் பிடுங்கவில்லை. மறுபடி மின்னியது. பிடுங்கவில்லை.

"அங்க என்னண்ணே வெளிச்சம்?"

"மின்னல்."

"வச்சிரு. போன் கெட்டுரும்."

"கெடட்டும்."

தம்பி சிரித்தான். வீட்டுக் கூரை பிளந்ததுபோல ஒரு சத்தம். பெட்டியிலிருந்து புகை. அண்ணன் தரையில் கிடந்தார். பூனை அலமாரி மேல் இருந்தது.

தூக்கி உட்கார வைத்தோம். கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் தேடினார்.

"மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"தெளிவா இருந்திச்சா லைனு?"

"தெளிவா இருந்திச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார்.

அன்று சாயந்திரமே தம்பி போய்விட்டான். தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது.

ரீசெட்டு அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. இப்போது பெக்கான் நானாஸில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே இடித்தால் எங்கள் புதுப் பெட்டியின் வைஃபையில் என்னைக் கூப்பிடுவார்.

"பிளக்கப் பிடுங்குனியா?"

"பிடுங்கிட்டேண்ணே" என்பேன்.

பிடுங்கியிருந்தால் அவர் அழைப்பே வந்திருக்காது. அது அவருக்குத் தோன்றுவதில்லை. நானும் சொல்வதில்லை. இடிக்காத நாளில் நானே கூப்பிடுகிறேன்.

என் கைப்பேசியின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவில்லை. தம்பியோடு பேசிய கடைசி அழைப்பு அதன் பட்டியலில்தான் இருக்கிறது. நான்கு நிமிடம், பதினொரு நொடி.