பாதி இடிந்தால் பாஸ்

"யாரு கட்டச் சொன்னது இதை?"

பள்ளிக்கூட வாசலில் பச்சைப் பசேலென்று தொங்கிய மாவிலைத் தோரணத்தைப் பார்த்துத் தலைமையாசிரியர் ஞானசிங் அலறினார்.

"நான்தான் சார்," என்றாள் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் ரத்னம்மா, பெருமை பொங்க. "ஆபீசர் வர்றாருன்னு போன்ல சொன்னீங்க இல்ல? தண்ணி தெளிச்சு, கோலம் போட்டு, முன்பக்கச் செவுத்துக்குச் சுண்ணாம்பும் அடிச்சிட்டேன். விரிசல் எங்க இருந்திச்சுன்னே தெரியல, பாருங்க."

ஞானசிங் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆந்திராவில், நகரிக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் நடுவில் இருந்த அந்தத் தமிழ்வழித் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், இருபத்து மூன்று பிள்ளைகள். மழை வந்தால் வெளியே நிற்கிற வேப்பமரத்துக்கு முன்பே உள்ளே இருப்பவர்கள் நனைந்துவிடுவார்கள். புது அறை கட்ட அரசாங்கம் பணம் தரத் தயார்தான். யாருக்குத் தருவது என்பதற்கு ஒரு படிவம் வைத்திருந்தது. இன்ஜினியர் வந்து கட்டடத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார். எழுபதுக்கு மேலே போனால் 'நல்ல கட்டடம்', ஒன்றும் கிடையாது. முப்பதுக்குக் கீழே போனால் 'ஆபத்தான கட்டடம்'. பூட்டு போட்டுவிட்டு, பிள்ளைகளை மூன்று கிலோமீட்டர் தள்ளி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெலுங்குப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். நடுவில் நின்றால்தான் புது அறை.

அந்த ஊருக்கோ பெண் பார்க்க வந்தாலும் ஒன்றுதான், ஆபீசர் பார்க்க வந்தாலும் ஒன்றுதான். போன தடவை வந்த இன்ஜினியருக்கு ஊரே சேர்ந்து வெள்ளையடித்து, மாலை போட்டு, பன்னீர் தெளித்தது. மனிதர் மகிழ்ந்துபோய் எண்பத்திரண்டு போட்டுவிட்டுப் போனார். ஊர் கைதட்டியது. ஞானசிங் மட்டும் அழுதார்.

இந்த மாதம் மறுபடியும் ஆய்வு என்று கடிதம் வந்திருந்தது. காலையில் மண்டல அலுவலகத்திலிருந்து போன். "இன்னிக்கு ஆபீசர் வர்றாரு, ஸ்கூல்லயே இருங்க." அவ்வளவுதான் சொன்னார்கள்.

"தோரணத்தை அவுருங்க! கோலத்தை அழிங்க!" என்றார் ஞானசிங்.

இன்னொரு ஆசிரியை ஷோபா, படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்துக் கூட்டினாள். "இப்போ எழுபத்தாறு சார்."

ஞானசிங்குக்கு ஒரு குணம். கவலை முற்றினால் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடியதும் அந்தப் புது அறை வந்து நிற்கும். வெளிர்நீலச் சுவர். மலைப் பக்கம் பார்த்த பெரிய பெரிய ஜன்னல்கள். காற்று வந்து வாய்ப்பாட்டுப் புத்தகத்தைத் தானே புரட்டும். மழை கூரைக்கு மேலே சத்தமாக மட்டும் பெய்யும். உள்ளே ஒரு சொட்டு விழாது. அந்தச் சத்தத்தை மிஞ்சிக் கத்த வேண்டும் என்று பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொண்டை கிழியச் சொல்வார்கள்...

தொப்!

கண்ணைத் திறந்தார். தோரணம் கட்டிய ஆணியைப் பிடுங்கியதில், சுவரின் பூச்சு ஒரு கட்டில் அகலத்துக்குப் பெயர்ந்து கீழே கிடந்தது.

"அறுபது சார்! அம்சமா இருக்குது. இதோட விட்டுருவோம்," என்றாள் ஷோபா.

விட்டிருப்பார்கள். பள்ளிக் கமிட்டித் தலைவர் பக்கிரிசாமி வந்து சேராமல் இருந்திருந்தால். நகரியில் நான்கு பவர்லூம் ஓட்டுகிறவர்.

"என்ன சாரே இது, செவுரு இப்பிடிப் பல்லக் காட்டிக்கினு நிக்குது? ஆபீசர் வர்ற நேரத்துல நம்ப மானம் போவுதே!"

"அப்படியே இருக்கட்டும் பக்கிரிசாமி. இப்படி இருந்தாத்தான் புது ரூம் கிடைக்கும்..."

புது ரூம் என்று சொன்னதுதான் தப்பு. சொன்ன வாயோடு கண்ணும் மூடிக்கொண்டது. இந்தத் தடவை அறையில் மின்விசிறிகூட இருந்தது. கரகரவென்று சத்தம் போடாத மின்விசிறி. அதன் கீழே ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே அவர் சிறிது நேரம் நின்றார்.

கனவிலிருந்து திரும்பி வந்தபோது பழைய அறை முழுவதும் ரோஜா நிறத் துணி. சுவருக்குத் துணி, கூரைக்குத் துணி, தூணுக்கு ஜரிகைக் குஞ்சம். ஒரு நாதஸ்வரம்தான் குறை.

"நம்ப தறித் துணிதான் சாரே, டெம்போவுல இருந்திச்சு," என்றார் பக்கிரிசாமி. "எப்பிடி?"

"எண்பத்தெட்டு," என்றாள் ஷோபா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அவரு ஒடஞ்சதைப் பாக்கத்தான்யா வர்றாரு!" என்றார் ஞானசிங்.

"அட, இதை மொதல்லயே சொல்ல வேணாமா? ஒடைக்கணும், அவ்ளோதானே?"

துணி இறங்கியது. பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். கடப்பாரை வந்தது.

"கொஞ்சமா! ஜன்னலுக்குப் பக்கத்துல லேசா!" என்று ஞானசிங் கத்தினார். பக்கிரிசாமி லேசாகத்தான் தட்டினார். அவருக்கு லேசு, சுவருக்கு அப்படி இல்லை. ஜன்னல் சட்டத்தோடு வெளியே போய் விழுந்தது. கூரையின் ஒரு மூலை யோசித்து, யோசித்து, ஒரு முழம் கீழே இறங்கி உட்கார்ந்தது.

தூசி அடங்கியதும் ஷோபா மறுபடியும் கூட்டினாள்.

"இருபத்தாறு சார்."

ஞானசிங் பெரிய ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இப்போதுதான் 'அ' எழுதப் பழகிய பிள்ளைகள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கை கோத்து ரோடு தாண்டிப் போய், புரியாத பாடத்தின் முன்னால் விழித்துக்கொண்டு உட்காரும். பள்ளியைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பித் தன் வாயாலேயே பூட்டு போட்டுவிட்டோமே! "ஆண்டவரே," என்றார். கனவு காணக்கூட மனம் வரவில்லை.

"ஜன்னலை எடுத்த எடத்துலயே வெச்சிட்டா?" என்றாள் ரத்னம்மா.

வைத்தார்கள். நிற்கவில்லை. வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பதாகப் பக்கிரிசாமி வாக்குக் கொடுத்தார்.

"முப்பத்தி மூணு," என்றாள் ஷோபா. "அவரு கைய எடுக்காத வரைக்கும்."

ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் சாதுவான மனிதர். மோர் குடித்தார். அறையைச் சுற்றி வந்தார். ஜன்னல் சட்டத்தைப் பற்றியிருந்த பத்து விரல்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, நாகரிகமாக ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார்.

"ரெண்டு வாசல் இருந்தா பாகுண்டுந்தி சார், நல்லா இருக்கும். வர்றவங்க ஒரு பக்கமா வந்து இன்னொரு பக்கமா போயிருவாங்க."

இரண்டு வாசல்! ஞானசிங்கின் கண் பாதி மூடியது. நீலச் சுவரில் இன்னொரு கதவு திறந்தது. அதன் வழியே மலைக்காற்று வந்தது.

"சாய்வா ஒரு பாதையும் வேணும். வயசானவங்க எல்லாம் வருவாங்க."

"வரட்டும் சார், நல்லா வரட்டும்," என்றார் ஞானசிங் கனவுக்குள்ளிருந்து.

ஷோபாவால் பொறுக்க முடியவில்லை. "சார், மார்க் எவ்ளோ போட்டிருக்கீங்க?"

"மார்க்கா? நான் எலக்‌ஷன் டியூட்டிம்மா. ஓட்டுப்பதிவுக்கு எடம் பாக்க வந்தேன்."

வெளியே பத்து விரல்களும் ஒரே நேரத்தில் கழன்றன. ஜன்னல் உள்பக்கமாக விழுந்து, கூடவே பாதிச் சுவரையும் அழைத்துக்கொண்டு வந்தது. ஓட்டை வழியாகப் பக்கிரிசாமி வணக்கம் வைத்தார்.

வந்தவர் சட்டையைத் தட்டிக்கொண்டார். "போகட்டும் விடுங்க. எப்பிடியும் இடிக்கப்போற கட்டடம்தானே?"

"இடிக்கப் போறாங்களா?" ஞானசிங் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பூட்டிடுவாங்களா சார்?"

"ஏன் பூட்டணும்? மண்டல ஆபீஸ்ல நேத்தே லிஸ்ட் ஒட்டிட்டாங்களே. உங்க ஸ்கூலுக்கு நாப்பத்தஞ்சு மார்க். ரெண்டு புது ரூம் சாங்ஷன் ஆயிடுச்சு. வேலை நடக்கறப்போ ஓட்டுப்பதிவை ரெண்டு வாசல் இருக்கற வேற எந்த எடத்துல வெக்கிறதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

ஷோபா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கிரிசாமி ஓட்டைக்குள் தலையை நீட்டினார்.

ஞானசிங்குக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார். பிறகு கேட்டார்: "ஆனா, இன்ஜினியரே இன்னும் வரலியே சார்! மார்க் யாரு போட்டது?"

ரத்னம்மா கரண்டியோடு முன்னால் வந்தாள். "அப்போ, டீச்சரம்மா லீவு போட்ட அன்னிக்கு மழையில ஸ்கூட்டர்ல ஒருத்தர் வந்தாரே, அவருதான் இன்ஜினியரா? ஆபீசர்னா ஜீப்புலதான் வருவாங்கன்னு நெனச்சேன் சார்! நீங்க கிளாஸ் ரூமுக்குள்ள குடையை விரிச்சிப் புடிச்சிக்கினு, கண்ண மூடிச் சிரிச்சிக்கினு இருந்தீங்க; 'எழுப்பாதீங்கம்மா, பாக்க வேண்டியதைப் பாத்துட்டேன்'னு உங்கள ஒரு ஃபோட்டோ புடிச்சிக்கினு போயிட்டாரு!"