வலது நூறு, இடது ஏழு

ஐப்பசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடங்கள், நான் இறந்துவிட்டதாக என் குடும்பம் நம்பியது. மஸ்கட்டில் இருந்த மகள் நம்பினாள். பெங்களூரில் இருந்த மகன் நம்பினான். எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத பொறியாளரான என் மருமகன்கூட நம்பிவிட்டார். நம்பாதவள் நான் ஒருத்திதான். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களும் நான் கண்களை மூடிக்கொண்டு, அந்த மருமகனுடைய ஜெபம் முடிவதற்காகக் காத்திருந்தேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். வினாத்தாளை மூன்று முறை வாசித்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும் என்று பிள்ளைகளைப் படுத்தியவள். அப்படிப்பட்டவள் ஒரு கைப்பேசித் திரையில் வந்த மூன்றே மூன்று எண்களைச் சரியாக வாசிக்காமல் இவ்வளவு பேரைக் கலங்கடித்தேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்குப் போகும் சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. என் கணவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் வீட்டில் போன் அடித்தால் எடுக்கவே மாட்டார். “ஆபீஸ்ல எடுத்தது போதும்” என்று சொல்லிவிட்டு நாளிதழைத் திருப்புவார். (போன் அவர் முழங்கைக்கருகில் இருக்கும், நான் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவர வேண்டும்.)

மகள் மெர்சி மஸ்கட்டிலிருந்து கம்பியில்லாத இயர்பட் இரண்டு கொண்ட ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து தந்தது அவர் உயிரோடு இருந்தபோதுதான். (நான் அதற்குச் ‘செவிமணி’ என்று பெயர் சூட்டிப் பார்த்தேன். வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.) தினமும் மாலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் இருக்கும் ஊர்களை எல்லாம் வீடியோ அழைப்பில் இணைத்து நாங்கள் குடும்ப ஜெபம் நடத்துவோம். அவருக்கு இடது காது மந்தம். ஆகவே வலது இயர்பட் அவருக்கு, இடது எனக்கு. பாகப்பிரிவினை அவ்வளவு சுமுகமாக எங்கள் வீட்டில் வேறு எதிலும் நடந்ததில்லை.

அவர் போன பிறகும் நான் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. ஜெப நேரத்தில் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுப்பேன். இடதை என் காதில் பொருத்திக்கொள்வேன். வலதை மேசையின் மறுபக்கத்தில், அவர் நாற்காலிக்கு முன்னால் இருக்கும் அவருடைய வேதபுத்தகத்தின் மேல் வைப்பேன். அந்தப் பக்கம் வீடியோவில் தெரியாது. பிள்ளைகளிடம் நான் சொன்னதும் இல்லை. அறுபத்தெட்டு வயதில் சிலவற்றை விளக்கப் புகுந்தால், கேட்பவர்கள் மருத்துவரின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவர் அடக்கம் முடிந்த வாரமே என்னை மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று மெர்சி பிடிவாதமாக நின்றாள். நான் ஓராண்டு தவணை கேட்டேன். அந்த ஓராண்டில் ஒரு சிறு விபத்தும் இல்லாமல் தனியாக இருந்து காட்டினால் வீட்டிலேயே இருக்கலாம். ஏதாவது நேர்ந்தால் மறுபேச்சு இல்லாமல் பெட்டி கட்ட வேண்டும். ஆறு மணிக்கு முன்வாசலும் பின்வாசலும் வெளிக்கேட்டும் பூட்டப்பட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. பத்து மாதங்களைப் பழுதில்லாமல் கடத்தியிருந்தேன். பதினோராவது மாதத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று பகல் முழுவதும் மழை. புத்தக அலமாரியைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, இடது காதில் ஒரு நாவலை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் மனிதக்குரல் கேட்க அதுவும் ஒரு வழி. ஆறரைக்குத்தான் இயர்பட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அந்தப் பெட்டிக்கும் தனியாகச் சார்ஜ் போட வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைப்போல அதுவும் வெறும் கூடு என்றே நினைத்திருந்தேன்.

ஏழு மணிக்குக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். பாட்டரியில் எவ்வளவு மீதம் என்று திரையில் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று மருமகன் ஐசக் சொல்லித் தந்திருந்தார். பார்த்தேன். மூன்று எண்கள் வந்தன. ஒன்று ஏழு, ஒன்று நூறு, இன்னொன்று ஐந்து. எந்த எண் எதற்கு உரியது என்று நான் ஆராயவில்லை. மூன்று தேர்வு எழுதிய மாணவனுக்குச் சிறந்த மதிப்பெண்ணையே கணக்கில் கொள்ளும் கருணையுள்ள ஆசிரியையாக, நூற்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் விடுமுறை. ஆகவே அன்றைய ஜெபம் ஐசக்கின் முறை. ஐசக் தங்கமான மனிதர். ஆனால் அவருடைய ஜெபம் சுருக்கமானது என்று அவரைப் பெற்றவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் தொடங்கி, சபை, நோயாளிகள், தேர்வெழுதும் பிள்ளைகள், நாட்டுத் தலைவர்கள், ரப்பர் விலை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஏற்றிக்கொண்டு போகும் பேருந்து அது.

“கடல்மேல் பயணம் செய்கிறவர்களுக்காகவும் மன்றாடுகிறோம்” என்றபோது, என் காதில் ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் எதையோ இரண்டு சொல்லில் சொன்னாள். மஸ்கட்டு அடுக்களையில் ஏதோ இயந்திரம் பேசுகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு சிறு மணியோசை. அப்புறம் ஒன்றுமில்லை.

மௌன ஜெபத்துக்கு நேரம் கொடுக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். மருமகனிடம் இந்தப் பக்குவம் எப்போது வந்தது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அங்கே நடந்தது வேறு. ஐசக் ரப்பர் விலையையும் முடித்து ‘ஆமென்’ சொல்லிவிட்டார். எல்லோரும் கண் திறந்தார்கள். நான் திறக்கவில்லை. அம்மா அப்பாவை நினைத்து இன்னும் ஜெபிக்கிறாள் என்று மரியாதையாக ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு மெல்ல அழைத்தார்கள். பிறகு கத்தினார்கள். மகன் ராஜன் என் கைப்பேசிக்குத் தனியாகவும் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறான்; அந்த மணியும் இயர்பட்டுக்கே போயிருக்கிறது. திரையில் நான் தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைச் சற்றே திறந்தபடி, அசையாமல் இருந்தேன். (வாய் திறந்திருந்ததை நான் இன்றுவரை மறுத்து வருகிறேன்.)

கண்ணைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் முடியாது. கூரை பிரிந்து விழுந்தாலும் ஆமென் கேட்கும்வரை கண் திறக்கக் கூடாது என்பது நான் என் பிள்ளைகளுக்கு விதித்த சட்டம். ராஜன் சின்ன வயதில் ஓரக்கண்ணால் பார்த்ததற்காக நான் கிள்ளிய தழும்பு இன்னும் இருப்பதாகச் சொல்லுகிறான்.

இன்னொன்றும் உண்டு. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. பத்து மாதங்களாக அந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஆளில்லாத மௌனம். காலையில் எழுந்தால் அடுக்களையில் அது எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். இதுவோ வேறு மாதிரி. என் மனிதர்கள் எல்லோரும் கண் மூடி என்னோடு ஒரே நேரத்தில் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது, மழைச்சத்தம்கூடப் பழைய நாள்களின் மழையாக இருந்தது. முடியாமல் இருக்கட்டும் என்றே விரும்பினேன்.

நடுவில் பின்பக்கம் ஏதோ தடதடவென்று கேட்டது. கார் ஷெட்டின் தகரம் காற்றில் அடிக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு ஏதோ முறிந்தது. பிறகு ரப்பர் பாலும் கருவாடும் மணக்கும் ஈரமான ஒரு கை என் மூக்குக்குக் கீழே வந்து நின்றது.

நான் கண்ணைத் திறந்து அலறினேன். எதிர்வீட்டு ரோஸ்லெட் என்னைவிட உரக்க அலறினாள். அவளுக்குப் பின்னால், நனைந்து சொட்டச் சொட்ட, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியும் கையுமாக நின்ற அவள் கணவர் செல்லையன், “எனக்க தெய்வமே!” என்று கதவோடு ஒட்டிக்கொண்டார்.

“டீச்சரே, உயிரு இருக்கா?” என்றாள் ரோஸ்லெட்.

“சும்மா இரு ரோஸ்லெட். ஜெபம் முடியல்ல” என்றேன் நான்.

“ஜெபமா? ஒங்க மக அங்க கெடந்து அழுது கரையுகா. அம்மா போயிட்டா, ஓடிப் போங்கன்னு எனக்குப் போன் போட்டா. இந்த மனுசன் மதிலு ஏறிச் சாடி, என்னையும் பிடிச்சு எறக்கி, பொறவாசல் கொண்டிய ஒடச்சுல்லா உள்ள வந்தாரு!”

“எனக்க முட்டு போச்சு டீச்சரே” என்றார் செல்லையன், முழங்காலைத் தடவியபடி. “நீங்க போகல்லயே, அது போதும்.”

“அந்தச் சவத்தக் காதுல இருந்து பிடுங்கிப் போடுங்க முதல்ல” என்றாள் ரோஸ்லெட்.

திரையில் பார்த்தேன். மெர்சி முகத்தைக் கைகளால் மூடியிருந்தாள். ராஜன் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் மேசையின் மறுபக்கத்திலிருந்து, கொசு இரைவதைப்போல, மிக மெல்லிய ஓர் ஒலி கேட்டது. குனிந்தேன். அவருடைய வேதபுத்தகத்தின் மேலிருந்த வலது இயர்பட்டிலிருந்து என் பிள்ளைகள் “அம்மா, அம்மா” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதை எடுத்து என் காதில் வைத்துக்கொண்டு, “இருக்கேன் மக்கா” என்றேன்.

மறுநாள் காலை வீடியோ அழைப்பில் விசாரணை கூடியது. மெர்சி கிறிஸ்துமஸுக்கு முன் வந்து என்னை அழைத்துப் போவதாக முடிவெடுத்திருந்தாள். ஒப்பந்தப்படி எனக்கு எதிர்வாதம் கிடையாது. எந்தப் புத்தகங்களைக் கொண்டுபோகலாம், எவற்றை விட வேண்டும் என்று விடியும் முன்பே அலமாரிமுன் நின்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன். ஐசக் மட்டும் காரணம் தெரியாமல் விடமாட்டேன் என்றார்.

“மாமி, உக்காரும் முன்ன நம்பர் பாத்தியளா?”

“பாத்தேன். நூறு.”

“எந்தப் பக்கம் நூறு?”

“பக்கமா?”

ஐசக் சற்று நேரம் நெற்றியைத் தடவினார். பிறகு, இடது, வலது, பெட்டி மூன்றுக்கும் தனித்தனி எண் என்று ஒன்றாம் வகுப்புக்கு விளக்குவதுபோல விளக்கினார். “இடது ஏழு. அது வழியில நின்னுட்டு. சரி. வலது நூறு. அதுல நாங்க பேசினது எல்லாம் கேட்டிருக்குமே? எங்க வச்சிருந்திய?”

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“அம்மா, கேக்கியளா?” என்றாள் மெர்சி. “வலது எங்க இருந்து?”

“அப்பாக்க வேதபுத்தகத்து மேல” என்றேன்.

ஒருவரும் பேசவில்லை. பாட்டரி போய்விட்டதோ என்று நான் ஐயப்படும் அளவுக்குப் பேசவில்லை.

“தெனமுமா?” என்று கடைசியில் மெர்சி கேட்டாள்.

“தெனமும்தான்.”

ராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். “அப்ப நாங்க அவ்வளவு நேரம் விளிச்சது அப்பாவையாக்கும்.”

“போன் அவருக்கு முன்னால அடிச்சிருக்கு” என்றாள் மெர்சி. அவள் குரல் உடைந்திருந்தது. “எடுத்தாரா பாரு.”

“ஆபீஸ்ல எடுத்தது போதும்” என்றான் ராஜன், அவர் குரலிலேயே.

அழத் தொடங்கிய மெர்சி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் அடக்கத்துக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் மஸ்கட்டுப் பயணத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. மூன்றாம் நாள் மெர்சி போனில் இரண்டு புதிய நிபந்தனைகளைச் சொன்னாள். பின்வாசல் சாவி ஒன்று ரோஸ்லெட்டிடம் இருக்க வேண்டும். ஜெபத்துக்கு முன் மூன்று எண்களையும் நான் உரக்க வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ரோஸ்லெட் இந்தக் கதையைச் சபை முழுவதும் கொண்டுசேர்த்தாள். ஆமென் வரும்வரை கண் திறவாத விதவை என்று போதகர் ஐயர் பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டினார். (பாட்டரி விவகாரத்தை அவர் நாகரிகமாகத் தவிர்த்துவிட்டார்.) எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியம் இழுத்துக்கொண்டே போனாலும் “ஆமென் சொல்லியாச்சா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஐசக்கின் ஜெபம் நான்கு நிமிடத்துக்குச் சுருங்கியது, நடுவில் இருமுறை “மாமி, கேக்கியளா?” என்று நிறுத்தியும் கேட்கிறார். அதற்காக ராஜன் எனக்குத் தனியாக நன்றி சொன்னான். செல்லையன் மட்டும் மழை வந்தால் முழங்காலைக் காட்டி, “டீச்சருக்க ஜெபம்” என்கிறார்.

தவணை முடிந்து அடுத்த ஐப்பசியும் வந்துவிட்டது. இன்று மாலையும் மூடியைத் திறந்து, எல்லோரும் கேட்க வாசித்தேன். இடது எண்பத்திரண்டு. வலது நூறு. பெட்டி அறுபது. “அப்பா ஃபுல்” என்றான் ராஜன், வழக்கம்போல. வலதை எடுத்து வேதபுத்தகத்தின் மேல் வைத்தேன். இடதைக் காதில் பொருத்திக்கொண்டு கண்களை மூடினேன். மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான் இருக்கிறேன்.