ஊறப்போடாத பம்ப்

மனைவியிடம் பொய் சொல்வதற்கு முன்னால் எதையோ ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரியப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். எதை என்பதுதான் இன்ஜினியருக்கு ஞாபகம் வரவில்லை. முகத்தையா, சட்டைப் பையையா, சாட்சிகளையா? பல் குத்தும் குச்சியை வாயில் வைத்துக்கொண்டே பெரியப்பா அதைச் சொன்னார். பாதி வாக்கியம் குச்சியோடு போய்விட்டது.

ஞாபகம் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. இன்ஜினியர் பொய்யைச் சொல்லிவிட்டார்.

"கழட்டி, ஊறப்போட்டு, தேய்ச்சுக் கழுவி மாட்டிட்டேன். பாரு, எப்படி ஓடுதுன்னு!"

கூடத்துக் கடல்மீன் தொட்டியில், தண்ணீரை அலையடிக்க வைக்கும் பம்ப் ஓடியது. ஓடியது என்பதைவிட உறுமியது என்று சொல்லலாம். தொட்டிக்குள் ஒரு சின்னப் புயல் கரையைக் கடந்துகொண்டிருந்தது.

"நிஜமாவா? நீங்களா?" என்றாள் மனைவி.

"பின்னே, பூனையா?"

அவர் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்றுக் குழாய் அமைக்கும் இன்ஜினியர். எந்த அறைக்கு எவ்வளவு காற்று, எந்த மூலையில் என்ன வேகம் என்று காலமெல்லாம் கணக்குப் போட்டவர். காற்றை மேய்த்தவனுக்குத் தண்ணீரை மேய்க்கத் தெரியாதா என்பது அவர் கட்சி. மனைவி பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அவள் யாரையும் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. 'யார் பண்ணினதுன்னு நான் கேக்கப்போறதில்லை' என்று சொல்லிவிட்டு வராந்தாவில் கொஞ்ச நேரம் நிற்பாள். பண்ணாத பிள்ளைகள்கூட வந்து ஒப்புக்கொள்ளும்.

விவகாரம் போன வாரம் தொடங்கியது. பழைய பம்ப் முனக ஆரம்பித்தது. தொட்டித் தண்ணீர் சோம்பல் முறித்தது.

"பழசாயிடுச்சும்மா. பெருசா ஒண்ணு வாங்கணும்," என்றார்.

"பழசாகலை. அழுக்காயிருக்கு. உள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். வினிகர் கலந்த தண்ணில ஊறப்போட்டுத் தேய்ச்சா சரியாயிடும். பம்போட வந்த தாள்லயே போட்டிருக்கு."

"தாள்ல ஆயிரம் போடுவான்."

"நீங்க படிச்சீங்களா?"

"எந்த இன்ஜினியரும் தாளைப் படிக்கிறதில்லை."

"அதான் உங்க கட்டடத்துல எல்லாரும் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வேலை பாக்கறாங்க."

விவாதம் அத்தோடு முடிந்தது. பம்பைக் கழுவுவதாக அவர் வாக்குக் கொடுத்தார். கழுவாமலிருக்க அவரிடம் காரணம் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை கழட்டப் போனபோது, பம்பின் பின்னாலிருந்து முள் முள்ளாய் ஒரு புழு நெளிந்து வந்து அவர் விரலை விசாரித்தது. அவர் போட்ட அலறலில் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி ஓடி வந்தார். டிவியில் கொலை நடக்கிறது என்று சொல்லி அனுப்பவேண்டியதாயிற்று.

ஆகவே அவர் ரகசியமாகப் புது பம்ப் வாங்கினார். இரண்டும் கறுப்பு, பாறை மறைவில் இருந்தால் வித்தியாசம் தெரியாது. பழையதைத் துணியால் பிடித்து ஒரு ஷூ டப்பாவில் போட்டுச் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் அடக்கம் செய்தார்.

தொட்டியில் இருந்த உயிருள்ள பவளம் ஒன்றுதான் இதில் முக்கியப் புள்ளி. பெயர் மகாராணி. நீள நீள விரல்களை மெதுவாக ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லைக்குள் வேறு பவளம் வந்தால் கொட்டிவிடுவாள். அவள் இவர்களுக்குச் சொந்தமில்லை. மனைவியின் தம்பியுடையவள். தம்பியின் தொட்டி விரிசல் விட்டு உடைந்த அன்று, அவன் ஈரக்கையோடு அள்ளியதில் பிழைத்தது இவள் ஒருத்திதான். புதுத் தொட்டி தயாராகும்வரை பார்த்துக்கொள்ளும்படி ஒரு வாளியில் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

குளிர்காற்றுக் கணக்குப்படி, யாருக்குத் தேவையோ அவர் முகத்தில் நேராக அடிக்க வேண்டும். இன்ஜினியர் புது பம்பை மகாராணிக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

அன்று மாலையே மனைவி தம்பியைப் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன் அத்தான் தானே கழட்டி, தானே கழுவி மாட்டியிருக்கார்டா."

"அத்தானா? கையை உள்ள விட்டா? அத்தான், உங்ககிட்ட விட்டதாலதான் எனக்குத் தூக்கமே வருது."

இன்ஜினியர் போனைப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பிடும்போது அவள் கேட்டாள். "வினிகர் போட்டா வீடே நாறுமே. வாசனையே வரலையே?"

"ஜன்னலைத் திறந்து வச்சிருந்தேன்."

"ஓ," என்றாள்.

அவளுடைய 'ஓ' வட்டமாக இருக்கும். உள்ளே நின்றுகொண்டு வெளியே வர வழி தேட வேண்டியிருக்கும்.

அடுத்து வந்த நாட்களில் தொட்டிக்குள் நிலவியல் மாறியது. மணல் ஒரு மூலைக்குப் போய் மலையாயிற்று, மறு மூலையில் அடிக்கண்ணாடி பல்லைக் காட்டியது. கோமாளி மீன் ஜோடியில் ஒன்று பாறைக்குப் பின்னால் குடிபெயர்ந்தது, மற்றது எதிர்நீச்சல் போட்டே இளைத்தது. மகாராணி விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். ஓரத்தில் சதை கிழிந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். புது பம்பின் நடை, பழையதன் ஓட்டத்தைவிட வேகமாயிருந்தது. பழையதை மாட்டலாமென்றால் அது அடைத்துக் கிடக்கிறது. கழுவலாமென்றால் புழு. ஷூ டப்பா வரை போவார், மூடியைத் தொடுவார், ஏதோ செருப்பைத் தேடுகிறவர் போலத் திரும்பி வருவார். தினமும் காலையில் பல் துலக்கியபடி அந்த வெள்ளை ஓரத்தைப் பார்ப்பார். நம்பி விட்டுப் போன பிள்ளையைப் பட்டினி போட்டவன் மாதிரி இருந்தது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துகொள்வார்.

"ஞாயித்துக்கிழமை வரேன் அத்தான், மகாராணியைப் பாக்க!" என்று செய்தி வந்தது.

சனிக்கிழமை கட்டட வேலையிடத்தில் யாரிடமும் பேசாமல், மனைவியிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தார். 'ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு' என்று தொடங்கலாம். 'நடந்துபோச்சு' என்றால் தானாக நடந்த மாதிரி இருக்கும். தைரியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மாலையில் வீட்டுக்கு வந்தார்.

தொட்டி அமைதியாக இருந்தது. தண்ணீர் பம்பிலிருந்து கண்ணாடியில் மோதி, திரும்பி, சுழன்று, தாலாட்டியது. மணல் சமமாகியிருந்தது. மகாராணி நாலைந்து விரல்களை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

'பழகிட்டா!' என்று நினைத்தார். 'கணக்கு சரிதான். கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கு.'

பிடித்து வைத்திருந்த தைரியம் தேவையில்லாமல் போனதால் கீழே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். ஓரத்தில் வெள்ளையைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுருங்கினான், ஆடும் விரல்களைப் பார்த்து மலர்ந்தான். இன்ஜினியர் நீரோட்டம் பற்றி விரிவுரை ஆற்றினார். கைகளை அலைபோல ஆட்டினார். "பராமரிப்புதான் மாப்பிள்ளை எல்லாம். சோம்பேறிக்குக் கடல் தொட்டி சரிப்படாது."

"அத்தான், உடைஞ்ச தொட்டில இருந்த என் பம்பும் இப்படித்தான் முக்கிக்கிட்டிருந்தது. எப்படிக் கழட்டறதுன்னு ஒரு தடவை காட்டுங்களேன்."

"இப்பவா? தொட்டியைக் கலைக்கக் கூடாதே..."

"காட்டுங்க, ஆசையாக் கேக்கறான்," என்று மனைவி தட்டோடு வந்தாள். தட்டில் கிண்ணம், பழைய பல் பிரஷ், வினிகர்.

தப்ப வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பம்பை எடுத்தார். கண்ணைத் திறந்தார். கையில் இருந்தது பழைய பம்ப். கடையிலிருந்து வந்த நாளில்கூட அது இவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் திரையை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

மூடியை வலப்பக்கம் திருகினார். இடப்பக்கம் திருகினார். இழுத்தார். அழுத்தினார். நெற்றி வியர்த்தது. மச்சினன் பாடம் கேட்கும் பிள்ளையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழுத்திக்கிட்டே இடது பக்கம்," என்றாள் மனைவி, திரையைப் பார்த்தே. "ஏசி ரூம்லயே இருந்து அவருக்கு விரல் மரத்துப்போகுது."

மூடி கழன்றது. உள்ளே ஒரு துளி அழுக்கில்லை.

"அட, மறந்தே போச்சு," என்றாள் தம்பியிடம். "உன் புதுத் தொட்டிக்குன்னு அத்தான் ஒரு பெரிய பம்ப் வாங்கி வச்சிருக்கார். நீ வர்ற வரைக்கும் இதுல ஓட்டிப் பாத்தார். செருப்பு அலமாரில ஷூ டப்பால இருக்கு, எடுத்துக்கோ."

மச்சினன் எடுத்துவந்தான். "அத்தான்! அளவெடுத்த மாதிரி இருக்கு!" என்று அவருடைய ஈரக்கையைப் பொருட்படுத்தாமல் கட்டிப்பிடித்தான். இன்ஜினியர் அந்தப் பிடிக்குள் நிமிர முடியாமல் நின்றார்.

மனைவி தேநீர் போடப் போனாள். பின்னாலேயே போனார்.

"எப்படித் தெரியும்?"

"வினிகர் பாட்டில் சீலே உடையலை. எதுல ஊறப்போட்டீங்க?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்றதுக்குள்ள அது செத்துடும்போல இருந்தது. நேத்து மாத்திட்டேன்."

"பின்னாடி... புழு ஒண்ணு இருக்குமே?"

"இருந்தது. தள்ளிப் போன்னேன். போயிடுச்சு."

அவர் சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடினார்.

"அவன்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்களைப் பெரிய ஆளா நினைச்சுக்கிட்டிருக்கான். அதையும் நானேவா கழட்டணும்?"

கூடத்தில் மச்சினன் மகாராணியோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "அத்தான்கிட்ட இருந்ததால பொழைச்சே, தெரியுமா?"

இன்ஜினியர் தேநீர்த் தட்டை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். தட்டை மேசைமேல் வைத்தார். மச்சினனை உட்காரச் சொல்லி, நடந்ததை முதலிலிருந்து சொன்னார்.