பாலம் விழாத நாடு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. செங்குடை நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அது எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் குறுக்கே கேட்காதீர்கள்.

ராஜா கட்டிய புதுப் பாலம் முதல் மழைக்கே ஆற்றில் விழுந்தது. சந்தைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. "பாலம் விழவில்லை, சற்றே குனிந்திருக்கிறது. எவரும் சாகவில்லை" என்று அரண்மனை தண்டோரா போட்டது.

ஒச்சாயியின் புருஷன் விருமனும் அந்தப் பாலத்தில்தான் போனான். அவனுடைய தூக்குச்சட்டி மட்டும் கரை ஒதுங்கியது. யாரிடமும் தொழில் கற்காதவள் அவள். இடிபாட்டுக் கம்பியை வளைத்து, தகரம் சுற்றி, நெஞ்சுக்குள் அந்தச் சட்டியை வைத்து ஓர் ஆள் சிலை கட்டினாள். ஒரு தோள் இறங்கி, விருமன் நிற்கிற மாதிரியே நின்றது. அதைப் பார்த்த சனம் அவரவர் வீட்டில் திரும்பாதவர்களின் ஒற்றைச் செருப்பு, வளையல், குடைக்கம்பி என்று கொண்டுவந்து கொடுத்தது. ஆற்றங்கரை நெடுகக் கம்பி ஆட்கள் எழுந்தார்கள்.

தலைமை அமைச்சர் பல்லக்கில் வந்தார். இறங்கவில்லை.

"யார் இவர்கள்?"

"பாலத்துல செத்தவுக, சாமி."

"எவரும் சாகவில்லை என்று அரசாணை இருக்கிறது. ஆகவே இவர்கள் உயிரோடிருக்கிறார்கள்."

"அப்ப எம் புருஷனை வீட்டுக்கு வரச் சொல்லுங்க சாமி. கூரை ஒழுகுது."

அமைச்சர் சிரிக்கவில்லை. சிலைகள் குடிமக்கள் என்று ஆணை பிறந்தது. புருஷன் உயிரோடிருப்பதால், விதவைகளுக்கு அளக்கும் அரிசி ஒச்சாயிக்குக் கிடையாது. பிறகு தேர்தல் வந்தது. தண்ணீர் கேட்காமல், பாலம் கேட்காமல் நிற்பவர்களே உத்தமக் குடிகள், அவர்கள் மட்டும் வாக்களித்தால் போதும் என்று அடுத்த ஆணை. வீரர்கள் சிலைகளின் கைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். ராஜாவே ஜெயித்தார். விருமனின் இறங்கிய தோளையும் முறுக்கி நிமிர்த்திவிட்டுப் போனார்கள்.

அதைத்தான் ஒச்சாயியால் பொறுக்க முடியவில்லை. பட்டப்பகலில், ஊர் பார்க்க, கம்பி கம்பியாக அவனைப் பிரித்துப் போட்டாள்.

கொலைக் குற்றம் என்று சபைக்கு இழுத்துப் போனார்கள்.

"குடிமகன் விருமனைக் கொன்றாயா?" என்றார் நீதிபதி.

"அவரு செத்துட்டாருன்னு ஒத்துக்கிறீகளா, ஐயா?"

"செத்துவிட்டான். அதனால்தானே வழக்கு?"

"வெளிய நிக்கிறவுகளுக்குக் கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க."

நீதிபதி சத்தமாகச் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் அவரவர் சிலையை அவரவரே பிரித்துப் போட, ஆற்றங்கரை காலியாயிற்று. கையில் கம்பியும் செருப்புமாகச் சனம் சபை வாசலில் வந்து நின்றது. "என் மகளை நான் கொன்னுட்டேன், எழுதிக்கிருங்க" என்றாள் முன்னால் நின்றவள்.

உங்கள் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகிறவர்கள், பை நிறையக் காய்கறியோடு வீடு வந்து சேரட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலில் எல்லாச் செருப்பும் ஜோடியாகவே கிடக்கட்டும்.